மனு வாசலில் நிற்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

(கும்பகோணத்தில் நெடுங்காலம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், சிறையில் இருப்பவர்களின் குடும்பத்தார் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.)

என் மகனுக்கு 21 வயது. கோயில் திருவிழாவில் நடந்த அடிதடியில் ரிமாண்ட் செய்து திருச்சி மத்திய சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் தடவையாக மனு போட்டுப் பார்க்கப் போகிறேன். என்னென்ன எடுத்துப் போகலாம்? அவனுக்குப் புளியோதரை என்றால் உயிர். கட்டிக்கொண்டு போனால் விடுவார்களா?
— ஒரு தாய், வலங்கைமான்

புளியோதரையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் அம்மா. சமைத்த சோறு அந்த வாசலைத் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுவீர்கள். உள்ளே போகும்போது அழுத கண்ணோடு போவீர்கள். பையன் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்க மாட்டான்.

தஞ்சாவூர் வழியாகப் போனால் திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து விமான நிலையம் பக்கம் போகிற டவுன் பஸ் ஏறி, ஜெயில் கார்னர் என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள். கிழமையும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே கிளம்புவதற்கு முந்தின நாள் சிறைக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இ-முலாகாத் என்கிற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம்.

கையில் இருக்க வேண்டியது ஆதார் அட்டையின் அசல், இரண்டு நகல், ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டில் மகனின் முழுப்பெயர், அப்பா பெயர், எந்த ஸ்டேஷன், குற்ற எண், ரிமாண்ட் ஆன தேதி எல்லாம் எழுதியிருக்க வேண்டும். உள்ளே ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். "என் பையன் மணி" என்று சொல்லி நின்றால் யாருக்கும் தெரியாது.

உங்கள் மகன் விசாரணைக் கைதி. தண்டனைக் கைதிக்குத்தான் வெள்ளை உடுப்பு. உங்கள் பிள்ளை சொந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கைலி, இரண்டு சட்டை, உள்ளாடை, ஒரு துண்டு போதும். இடுப்பில் கயிறு வைத்த டிராக் பேண்ட் வேண்டாம், பெல்ட் வேண்டாம். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், பழம் எதை விடுவார்கள் என்பதை வாசலில் கேட்டுவிட்டு அங்கேயே வாங்குங்கள். வலங்கைமானிலிருந்து சுமந்துபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். என்னைக் கேட்டால், பண்டத்தைவிடப் பணம் மேல். கைதி பேரில் சிறை அலுவலகத்தில் ஒரு கணக்கு இருக்கும். அதில் கட்டினால் உள்ளே இருக்கிற கேண்டீனில் அவனே வாங்கிக்கொள்வான். கட்டியதும் ரசீது கேட்டு வாங்குங்கள். "நான் கொடுத்துவிடுகிறேன்" என்று வாசலில் கை நீட்டுகிற எவரிடமும், காக்கி போட்டிருந்தாலும் சரி, வேட்டி கட்டியிருந்தாலும் சரி, ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

மகன் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவனா? வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை எதுவானாலும் டாக்டர் சீட்டின் நகலைக் கொண்டுபோய், சிறை மருத்துவருக்கு என்று எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்ல மறந்துவிட்டு முறுக்குக்குச் சண்டை போட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். நடுவில் கண்ணாடியோ வலையோ இருக்கும், சுற்றிலும் கத்தல். அவன் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வான். அதோடு விடாதீர்கள். தூங்கினாயா, சாப்பாடு இறங்குகிறதா, உடம்பில் காயம் இருக்கிறதா, யாராவது மிரட்டுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வழக்கைப் பற்றி, யார் அடித்தார்கள் என்பதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேச வேண்டாம். காதுகள் நிறைய. அதை வக்கீல் போய்ப் பேசிக்கொள்வார். வக்காலத்தில், அதாவது வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற காகிதத்தில், அவன் கையெழுத்துப் போட்டு, சிறை அதிகாரி சான்று செய்து வர வேண்டும். அது ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம் வந்துடுவடா" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பவன் அந்த வாரத்தை எண்ணிக்கொண்டே இருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் ரிமாண்ட் ஆன தேதியைச் சுழித்து வையுங்கள். அதிலிருந்து 60 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. பத்து வருடமோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ கிடைக்கக்கூடிய குற்றம் என்றால் 90 நாள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167 என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 187. இந்த 60, 90 நாள் கணக்கு மாறவில்லை. ஆனால் அந்த ஜாமீன் தானாக வராது. நாள் முடிந்த உடனே, குற்றப்பத்திரிகை போய்ச் சேர்வதற்கு முன்பே, மனு கொடுக்க வேண்டும். வக்கீல் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

உழைத்துச் சாப்பிடுகிற எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் கறி. ஜெயிலில் கோழிக்குழம்பு போடுகிறார்களாமே? வரிப்பணம் இப்படியா போக வேண்டும்?
— வாசகர், தஞ்சாவூர்

போடுகிறார்கள். 2023-ல் தமிழக அரசு சிறை உணவுப் பட்டியலை மாற்றி அமைத்தது. கொதித்துப்போய் எனக்கும் இரண்டு பேர் போன் செய்தார்கள்.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாடு முழுக்கச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேருக்கு இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை ஐயா. இதில் வாய்தாவுக்கு மேல் வாய்தா ஆகி, கடைசியில் "விடுதலை" என்று தீர்ப்பாகி வெளியே வருகிறவர்களும் உண்டு. அதுவரை அவர்கள் தின்ற சோற்றை யார் கணக்கில் எழுதுவது? தண்டனை பெற்றவரைப் பற்றிக் கேட்டாலும், நீதிபதி தீர்ப்பில் "மூன்று வருடம் சிறை" என்றுதான் எழுதுகிறார். "மூன்று வருடம், அரை வயிறு" என்று எழுதி நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஜாமீன் கிடைத்து ஒரு மாதம் நெருங்கப் போகிறது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் நடவு, அறுப்புக்குப் போகிறவர்கள். வீடு கோயில் மனையில் இருக்கிறது. யாரும் முன்வரவில்லை. கோர்ட்டு வாசலில் ஒருவர் "பதினைந்தாயிரம் கொடு, ஆள் பிடித்துத் தருகிறேன்" என்கிறார். கடன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
— ஒரு மனைவி, திருத்துறைப்பூண்டி பக்கம்

வேண்டாம் தாயி. அந்த ஆளைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் கொண்டுவந்து நிறுத்துகிற ஜாமீன்தாரரின் ரேஷன் கார்டு போலியாக இருக்கலாம், இல்லையென்றால் அதே ஆசாமி பத்து வழக்கில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஒருநாள் பிடிபட்டால் உங்கள் வீட்டுக்காரரின் ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் வரும்.

உங்கள் கஷ்டம் உங்களுடையது மட்டும் இல்லை. டெல்டாவில் ஜாமீன் விஷயம் ஏன் இப்படி இழுக்கிறது என்று வெளியூர் வக்கீல்கள் கேட்பார்கள். காரணம் நிலம். இங்கே பாதி ஊர் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் நிற்கிறது. உழுகிறவர் குத்தகைதாரர், குடியிருக்கிறவர் அடிமனை வாடகைதாரர். ஐம்பது வருடம் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்திருப்பார், பட்டா மட்டும் சாமி பெயரில் இருக்கும். சொந்த நிலம் இருக்கிற வீட்டிலும் சிட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும், பங்காளிச் சண்டையில் மாற்றவே இல்லை. சொத்துக் காகிதம் கொண்டுவா என்றால் எங்கே போவார்கள்?

இன்னொன்று, மாவட்டம். ஒரே தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்ததை 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று பிரித்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மச்சான் இப்போது வேறு மாவட்டத்துக்காரர். "வெளி மாவட்ட ஜாமீன்தாரரா?" என்று எழுத்தர் புருவத்தை உயர்த்துவார். 1978-லேயே உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள், அவருடைய அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ண அய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஏழையிடம் அவனால் தர முடியாததைக் கேட்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாட வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்களுக்கு வக்கீல் இல்லை அல்லது காசு கொடுக்க முடியவில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடுங்கள். காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. திருவாரூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதிதான். அவருக்கு நேரிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும்.

மனுவில் என்ன எழுதுவது? ஜாமீன் உத்தரவு தேதி, எந்தக் கோர்ட்டு, என்ன நிபந்தனை, ஏன் முடியவில்லை. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் இந்தச் செயலாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் கோர்ட்டு தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். உங்களுக்கு மாதம் நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதுதான் தருணம். "இரண்டு ஜாமீன்தாரருக்குப் பதிலாக ஒருவர், அல்லது சொந்தப் பிணையில் (ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே பத்திரம் எழுதிக் கொடுத்து) விடுங்கள்" என்று தளர்வு மனு போடச் சொல்லுங்கள். வக்கீல்கள் சிலருக்கு இதில் அக்கறை குறைவு, ஜாமீன் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். விடாமல் கேளுங்கள்.

பணமாகவே கட்டச் சொல்லியிருந்தால், ஏழைக் கைதிகளுக்கென்று மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டம் இருக்கிறது. தொடங்கியபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாமல் உள்ளே கிடக்கிற தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை மாவட்டக் குழு அனுமதித்துக் கட்டலாம் என்று வைத்தார்கள். இப்போதைய வரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சா வழக்கு, ஊழல் வழக்கு போன்றவற்றுக்குக் கிடையாது. இந்தத் திட்டத்தைப் பற்றி அலுவலகங்களில் கேட்டால் முதலில் விழிப்பார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் விழிக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் ஊரிலேயே ஒரு சுற்று சுற்றுங்கள். ஜாமீன்தாரர் என்றால் ஏக்கர் கணக்கில் நிலம் இருக்க வேண்டும் என்று பயந்தே பலர் ஒதுங்குகிறார்கள். வீட்டு வரி ரசீது போதும் என்று ஏற்றுக்கொள்கிற நீதிபதிகள் உண்டு. அரசு வேலையில் இருக்கிற உறவினரின் சம்பளச் சான்றும் எடுபடும். சத்துணவு அமைப்பாளர், கூட்டுறவு சங்க ஊழியர் என்று யாராவது இருப்பார்கள். "அவர் ஓடிப்போனால் என் வீடு ஜப்தி ஆகிவிடுமா?" என்று கேட்பார்கள். பத்திரத்தில் எழுதிய தொகை வரைக்கும்தான் பொறுப்பு என்று விளக்கிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வாய்தாவுக்கு ஒழுங்காக வருவார் என்று அவர் முகத்துக்கு நேராக நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். அதற்குத்தான் ரத்த உறவைக் கேட்கிறார்கள். உங்கள் மாமியார் உயிரோடு இருந்தால் அந்த ரத்த உறவுக்கு அவரே போதும்.

கடலுக்குப் போன என் கணவரை இலங்கை கடற்படை பிடித்துப்போய் யாழ்ப்பாணம் சிறையில் வைத்திருக்கிறது. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்?
— ஒரு மீனவர் மனைவி, நாகப்பட்டினம்

நான் கோர்ட்டு வாசலிலேயே காலம் தள்ளியவன், கடல் தாண்டிய சட்டம் என் கைக்கு எட்டாது. ஆனாலும் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டையிலிருந்து வருகிறவர்களுக்குக் காகிதம் எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பிடிபட்ட நம் மீனவர்களைச் சிறையில் போய்ப் பார்ப்பது, துணி, சோப்பு மாதிரி அத்தியாவசியங்கள் கொடுப்பது எல்லாம் அவர்கள் வழியாகத்தான். மருந்துச் சீட்டைத் தெளிவாகப் போட்டோ எடுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்று பெரிய எழுத்தில் தனியாக எழுதுங்கள். அதோடு மீனவர் அடையாள அட்டை நகல், படகுப் பதிவு எண், பிடிபட்ட தேதி எல்லாம் சேர்த்து நாகப்பட்டினம் மீன்வளத்துறை அலுவலகத்தில் கொடுத்து, தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் மூலமாகவும் ஒரு நகல் போகட்டும். சிறையில் இருக்கிற நாட்களுக்குக் குடும்பத்துக்கு மாநில அரசு தினப்படி தருகிறது. அந்த மனுவையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.

அங்கே ஒரு ஆறுதல், கோர்ட்டில் பேசுவது தமிழ். முதல் தடவை பிடிபட்டவர்களை ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விடுவது வழக்கத்தில் உண்டு. படகை ஓட்டியவருக்கும் இரண்டாம் முறை சிக்கியவருக்கும் கடுமை அதிகம். விடுதலை என்று செய்தி வந்ததும் மறுநாளே வருவார் என்று வாசலைப் பார்க்காதீர்கள். பயணப் பத்திரம் தயாராகும் வரை கொழும்புப் பக்கம் மிரிஹானை முகாமில் வைத்திருந்து, பிறகு விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள்.

என் தம்பி ரிமாண்டில் இருக்கிறான். எங்கள் சாதியைக் கேட்டுவிட்டுக் கழிப்பறை கழுவும் வேலையைக் கொடுக்கிறார்களாம். மறுத்தால் அடி விழும் என்று பயப்படுகிறான்.
— சகோதரி, மயிலாடுதுறை மாவட்டம்

2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது, சாதி பார்த்துத் தனித்தனியாக அடைப்பது எல்லாம் அரசியலமைப்புக்கு விரோதம். சிறைப் பதிவேட்டில் சாதி என்கிற கட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டைச் சிறை விவகாரமும் பேசப்பட்டது. உங்கள் தம்பி விசாரணைக் கைதி வேறு. தன் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கு மேல் அவனைக் கட்டாய வேலை வாங்க முடியாது.

தம்பி வாயால் புகார் வர வேண்டாம், நீங்கள் வெளியிலிருந்து எழுதுங்கள். சிறைகளை மாவட்ட நீதிபதியும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் போய்ப் பார்வையிடுவார்கள். அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்பவம் நடந்த நாள், வேலை வாங்கியவர் யார் என்பதை மட்டும் எழுதுங்கள், கோபத்தை எழுதாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அக்காவும் அவளுடைய நாலு வயதுப் பெண்ணும் திருச்சி பெண்கள் சிறையில் இருக்கிறார்கள். குழந்தையை நாங்கள் வெளியே கொண்டுவந்து வளர்க்கலாமா, அங்கேயே விடலாமா?
— தங்கை, கும்பகோணம்

ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம் என்பது விதி. அதற்கு மேல் முடியாது. குழந்தைக்குத் தனி உணவு, பால், மருத்துவம், தடுப்பூசி எல்லாம் தர வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. எனவே இப்போதைக்கு அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், முடிவை அக்காவிடம் விட்டுவிடுங்கள். ஐந்து வயதிலேயே உங்கள் வீட்டுக்கு மாதம் சில நாட்கள் பழக்கிக்கொள்ள முடியுமா என்று சிறை நல அலுவலரிடம் கேளுங்கள். திடீரென்று ஆறு வயதில் பிய்த்து எடுப்பதைவிட அது நல்லது.

அக்காவுக்கு: பெண்கள் கூச்சத்தில் கேட்கவே மாட்டார்கள். அரசின் புதுயுகம் திட்டத்தில் சிறையில் இருக்கும் பெண்களுக்கும் நாப்கின் உண்டு. வருகிறதா, போதுகிறதா என்று நீங்களே கேளுங்கள். ஆண்களைப் பார்க்க மனு வாசலில் மனைவி, அம்மா, அக்கா என்று வரிசை நிற்கும். பெண்கள் சிறை வாசலில் அந்தக் கூட்டத்தைப் பார்க்க முடியாது. கணவன் வீட்டார் முதல் மாதத்தோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள். ஜாமீன் மறுக்கப்பட்டிருந்தால், பெண் என்பதையும் குழந்தை உடன் இருப்பதையும் சொல்லி மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பெண் என்பதற்காக ஜாமீன் கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

என் கணவருக்கு ஏழு வருடத் தண்டனை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகளிடம் "அப்பா சிங்கப்பூரில் இருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது வீடியோ காலில் காட்டச் சொல்லி அடம் பிடிக்கிறாள்.
— ஒரு மனைவி, பாபநாசம்

நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பதால் இந்தப் பொய் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. அதே காரணத்தால் சுலபமாக உடைந்தும் போகிறது. மற்ற வீட்டு அப்பாக்கள் ராத்திரி வீடியோவில் வருகிறார்கள், ஊருக்கு வரும்போது சாக்லேட்டும் பொம்மையும் கொண்டுவருகிறார்கள். உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? வகுப்பில் ஒரு பிள்ளை "உங்கப்பா ஜெயில்ல இருக்கார்" என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வழக்கு விவரம் வேண்டாம். "அப்பா ஒரு தப்பு பண்ணிட்டார், கோர்ட்டுல சில வருஷம் அங்கே இருக்கச் சொல்லிட்டாங்க, சாப்பிடுறார், தூங்குறார், உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார்." இவ்வளவு போதும். "நான் பேசலாமா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

பேசலாம். 2023-ல் தமிழக அரசு கைதிகளின் தொலைபேசி நேரத்தை மாதம் 120 நிமிடமாக உயர்த்தி, வீடியோ அழைப்புக்கும் வழி செய்தது. உங்கள் எண்ணைச் சிறையில் பதிவு செய்து சரிபார்க்க வேண்டும். கணவர் உள்ளே எழுதிக் கொடுத்தால் நடக்கும். மகள் கேட்டபடி வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு காரணமும் சொல்கிறேன். நாளைக்கு அவர் விடுப்பு கேட்டு மனுப் போடும்போது, நாம் பரோல் என்கிறோமே அது, நன்னடத்தை அலுவலர் உங்கள் தெருவில் வந்து விசாரிப்பார், போலீசும் வரும். அன்றைக்குத் தெருவே பேசும். அதற்குள் உங்கள் மகளுக்கு உங்கள் வாயால் தெரிந்திருக்கட்டும்.

குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். வழக்கில் ஜாமீன் வாங்கினால் வந்துவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

முடியாது. 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம் அது. வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் அதைச் சேராமல் 12 மாதம் வரை பிடித்து வைக்கும். அந்தச் சட்டத்தில் பிடித்து வைத்த 5 நாளுக்குள் காரணங்களை, அவருக்குப் புரிகிற மொழியில், காகிதங்களோடு கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கட்டில் விடுபட்ட பக்கம், படிக்க முடியாத நகல், தமிழாக்கம் இல்லாத ஆவணம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு பெரும்பாலும் அதில்தான் ஜெயிக்கிறது. அரசுக்கும், இந்தக் காவல் சரியா என்று பார்க்கிற ஆலோசனைக் குழுவுக்கும் முறையீடு உடனே போக வேண்டும், அதற்குப் பதில் தரத் தாமதித்தாலும் உங்களுக்குச் சாதகம். உங்கள் ஊர் தஞ்சாவூர் என்பதால் மதுரைக் கிளைக்குப் போங்கள். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். இது தெரியாமல் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

உள்ளே இருக்கிற நண்பனுக்குப் புத்தகம் தரலாமா?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

தாராளமாக. சிறைத்துறையே 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு போட்டு மக்களிடம் புத்தகம் வாங்கியது. அதிகாரி பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார். நோட்டுப் புத்தகமும் கேளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் எல்லாம் உள்ளிருந்தே எழுதுகிறார்கள். நண்பன் பாதியில் விட்ட பரீட்சை இருந்தால் கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே அது தெரியாது. தடித் தடியான தன்னம்பிக்கைப் புத்தகங்களை மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஒரு நல்ல நாவல் கொடுங்கள்.

அண்ணனுக்கு ஜாமீன் பத்திரம் எல்லாம் முடிந்துவிட்டது. நாளை திருச்சி சிறையிலிருந்து வெளியே வருகிறார். நண்பர்கள் மூன்று காரில் போய் மாலை போட்டு அழைத்துவரலாம் என்கிறார்கள். சரியா?
— தம்பி, மன்னார்குடி

சரி இல்லை தம்பி. மாலை, வெடி, காரில் தொங்கிக்கொண்டு ரீல்ஸ், எதுவும் கூடாது. அந்த வீடியோவையே எடுத்துவைத்துக்கொண்டு ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். காருக்குள் இருந்தவர்கள் மேலும் வழக்கு வரும்.

உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்து, வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காகக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் உத்தரவு) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் விடுவார்கள். சாயங்காலம் ஆகலாம். கைதிகளை அறையில் அடைத்துப் பூட்டுகிற லாக்கப் நேரத்துக்கு முன் காகிதம் போகாவிட்டால் மறுநாள்தான். அண்ணன் கையில் போனும் இருக்காது, காசும் இருக்காது. ஒரு ஆள் அங்கேயே காத்திருக்க வேண்டும். மாற்று உடுப்பும் செருப்பும் எடுத்துப் போங்கள். வரும் வழியில் அவர் எதைக் கேட்கிறாரோ அதை வாங்கிக் கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள். பலருக்கு முதல் இரண்டு நாள் பேச்சே வராது.

நிபந்தனை ஜாமீன் என்றால் மறுநாள் காலையிலிருந்தே ஸ்டேஷனில் கையெழுத்து. உத்தரவில் எத்தனை மணி என்று இருக்கிறதோ அந்த மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்டதும் நோட்டை போட்டோ எடுக்க விட மாட்டார்கள், நீங்கள் வீட்டில் ஒரு டைரியில் தேதி, நேரம், அன்றைக்கு இருந்த ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர்) பெயர் எழுதி வையுங்கள். "வரவே இல்லை" என்று யாராவது எழுதினால் அது உதவும். காரில் வருவதாகச் சொல்கிற நண்பர்களில், தினமும் காலையில் அண்ணனை ஸ்டேஷனுக்கு வண்டியில் கூட்டிப் போய்க் கூட்டி வர யாரால் முடியும் என்று கேளுங்கள். முடியும் என்பவரை மட்டும் நாளை திருச்சிக்கு அழைத்துப் போங்கள்.